முதுகுக்கு மட்டும் புதுச்சட்டை

கிரியாழி கிராமத்துக் குடியானவர்கள் ஜார் மன்னர்மேல் அன்பு வைத்திருந்தார்கள். அன்பு குறைந்தவர்களுக்கு அதை ஊட்டுவதற்கென்று வட்டார அரசாங்கக் கச்சேரியில் ஒரு பெஞ்சும் அடிப்பதற்கென ஊறவைத்த பிர்ச் மர மிலாறுகளும் தயாராக இருந்தன என்பது உண்மைதான். ஆனால் எவ்சேய்க்கு அந்த வைத்தியம் தேவைப்பட்டதே இல்லை. அவன் தானாகவே அன்பு வைத்திருந்தான். அவன் குடிசையில் புனித நிக்கலாய் படத்துக்குப் பக்கத்திலேயே, சந்தையில் வாங்கிய மன்னர் படமும் ஒட்டியிருந்தது. ஊரில் நடக்கும் அக்கிரமம் எல்லாம் அதிகாரிகள் வேலை, ஜார் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டார் என்று அவன் மனதார நம்பினான். இப்படி நம்புகிற ஒரு மனிதனைக் கெடுப்பது லேசான காரியமில்லை. அதற்கு ஓர் அரசாங்கமே சேர்ந்து பாடுபட வேண்டியிருந்தது.

போன வருஷம் விளைச்சல் பொய்த்துவிட்டது. வசந்தம் பிறந்ததிலிருந்து ஊரே காட்டுக்கீரை விதையும் உமியும் கலந்த ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தது. எவ்சேயின் இரண்டு பிள்ளைகளுக்கும் வயிறு மட்டும் பெரிதாகி, கால்கள் குச்சியாகிவிட்டன. ஆனால் இந்த வருஷம் ரை தானியம் கொழித்துக் கிடந்தது. மூன்று பெருவயல்களை மாற்றி மாற்றி விதைப்பது ஊர் வழக்கம். இந்த வருஷம் ரை முறை வந்தது ரயில் பாதையை ஒட்டிய வயலுக்கு. ஊரார் எல்லாருடைய பங்கும் அந்த ஒரே வயலில்தான் இருந்தது. அதில் விளைவதுதான் குளிர்காலம் முழுவதற்கும் ரொட்டி. ஆகஸ்டில் மறுபடி விதைக்க விதையும் அதுதான்.

ஜூலைத் தொடக்கத்தில் வரும் கஸான் மாதா திருநாள் முடிந்த மறுநாள் காலையில் எவ்சேயும் அவன் மனைவி மலான்யாவும் அரிவாளோடு இறங்கினார்கள். மலான்யா சிலுவை போட்டுக்கொண்டு முதல் பிடியைப் பிடித்தாள். அதற்குள் ஊர்ப் பெரியவன் பார்பென், மார்பில் பதவி அடையாளமான பித்தளை வில்லை ஆட ஆட, மேடு பள்ளம் பாராமல் ஓடிவந்தான்.

"நிறுத்து! மலான்யா, நிறுத்து தாயே! அரிவாள இடுப்புல சொருகு!"

"என்ன பார்பென், வீடு பத்திக்கிச்சா?"

"வீடு பத்தினா தண்ணி ஊத்தி அணைச்சிடலாமே! நில அதிகாரி வந்திருக்காரு. எல்லாரையும் கூட்டச் சொல்றாரு."

நில அதிகாரி அர்க்காதி பொர்பீர்யெவிச் முன்னாள் குதிரைப்படை அதிகாரி. தன் பண்ணையைச் சீட்டாட்டத்தில் தொலைத்தவர் என்பதால், குடியானவர்களுக்குச் சிக்கனமும் ஒழுக்கமும் கற்றுக்கொடுக்க அரசாங்கம் அவரை நியமித்திருந்தது. அவர்களுக்கு நீதிபதியும் அவரே, போலீசும் அவரே, தகப்பனும் அவரே. இதில் தகப்பன் வேலையைத்தான் மிலாறை வைத்துச் செய்வார்.

"பசங்களா!" என்று அவர் வண்டியில் நின்றபடியே ஆரம்பித்தார். "உங்களுக்குப் பெரிய பாக்கியம் வாய்ச்சிருக்கு. மாமன்னர் இந்த வழியா ரயில்ல போகப் போறாரு. ஜன்னல் வழியா வெளிய பாப்பாரு. அறுத்துப்போட்ட வயலைப் பாத்தா என்ன நெனைப்பாரு? 'ஐயோ, என் ஜனங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே'ன்னு அவர் மனசு நோகும். அவர் மனசு நோகலாமா?"

"கூடாது எசமான்" என்றது கூட்டம்.

"அப்ப ரை நிக்கணும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் தங்கமா நிக்கணும். ரயில் போற வரைக்கும் ஒருத்தனும் அரிவாளத் தொடக் கூடாது."

கூட்டம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றது. எவ்சேய் மட்டும் ஓரடி முன்னால் வந்தான்.

"எசமான், ஜார் அப்பா எப்போ போறாரு?"

நில அதிகாரியின் முகம் மாறியது. "ஏன் கேக்குற?"

"ரை முத்திடுச்சு எசமான். விட்டா கொட்டிடும்."

"ரயில் நேரம் அரசாங்க ரகசியம். அதத் தெரிஞ்சுக்க ஆசைப்படறவன் உலகத்துல ஒரே ஒரு ரகம்தான். குண்டு வீசுறவன். நீ குண்டு வீசுறவனா?"

"இல்ல எசமான். ரை அறுக்குறவன்."

"அப்ப ரையப் பத்தி மட்டும் கேளு."

"ரைய எப்போ அறுக்கலாம் எசமான்?"

"ரயில் போனப்புறம்."

இதற்குமேல் தெளிவாக யாராலும் பதில் சொல்ல முடியாது என்பதால் கூட்டம் கலைந்தது.

மறுநாளே காவல் ஆரம்பமாயிற்று. மாமன்னர் ரயில் போகும்போது பாதையின் இருபுறமும் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை கையில் தடியோடு நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். முகம் வயலைப் பார்த்தும் முதுகு ரயிலைப் பார்த்தும் இருக்க வேண்டும். ஏனென்றால் குண்டு வீசுகிறவன் வயல் பக்கமிருந்துதான் வருவான். மேலும், மாமன்னரை நேருக்கு நேர் பார்க்கும் தகுதி குடியானவன் முகத்துக்கு இன்னும் வரவில்லை. எப்போது ரயில் வரும் என்று தெரியாததால் எல்லா நாளும் நிற்க வேண்டியதாயிற்று. அவனவன் தன் பங்குக்கு எதிரில் நிறுத்தப்பட்டான். எவ்சேயும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று, தன் ரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவதைக் கண்கொட்டாமல் காவல் காத்தான்.

நில அதிகாரி சும்மா இருக்கவில்லை. தள்ளுவண்டி ஒன்றைத் தண்டவாளத்தில் ஏற்றி, அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமன்னர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டே போனார். நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். எவ்சேய்க்கு நேராக வந்ததும் வண்டியை நிறுத்தினார்.

"டேய், உன் முதுகு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு?"

எவ்சேய் திரும்ப முயன்றான். "திரும்பாத!" என்று அதட்டல் விழுந்தது.

"எசமான், முதுகுல எப்படிச் சிரிக்கிறது?"

"தோள லேசாத் தூக்கு. இன்னும் கொஞ்சம். இது பயந்த மாதிரி இருக்கு. நன்றியோட தூக்கு!"

எவ்சேய் நன்றியோடு தூக்கிப் பார்த்தான். சரிவரவில்லை. பக்கத்திலிருந்த முதுகுகளும் அதே லட்சணத்தில்தான் இருந்தன. மாதக்கணக்கில் உமி ரொட்டி தின்ற முதுகுகள்; எலும்பு தெரிந்தது, சட்டை கிழிந்திருந்தது. நில அதிகாரி கவர்னருக்குச் சொல்லியனுப்பி, சிவப்புப் பருத்தித் துணி வரவழைத்தார். துணி கொஞ்சமாகத்தான் வந்தது. ஆனால் அர்க்காதி பொர்பீர்யெவிச் மூளையுள்ளவர். எல்லாருடைய சட்டைக்கும் முதுகுப் பக்கம் மட்டும் புதுத்துணி வைத்துத் தைக்கச் சொல்லிப் பெண்களுக்கு உத்தரவு போட்டார்.

மலான்யா தைத்து முடித்துப் புருஷனைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"முன்னால பிச்சைக்காரன், பின்னால மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் போனா பின்னாலயே நடந்து போ."

அந்தப் பக்கம் வந்த நில அதிகாரி காதில் இது விழுந்துவிட்டது. "முன்பக்கத்த யாருடி பாக்கப் போறா?"

"நான் பாக்குறேனே எசமான்."

"நீ மாமன்னரா?"

மலான்யா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவளால் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் வயலுக்குள் போய் மண்டியிட்டு, தரையில் உதிர்ந்த மணிகளைப் பொறுக்கி முந்தானையில் போட ஆரம்பித்தாள். தள்ளுவண்டி வந்துவிட்டது.

"அங்க யார் அது? என்ன பண்றா?"

பார்பென் முந்திக்கொண்டான். "ஜெ... ஜெபம் பண்றா எசமான். மாமன்னர் நல்லபடியாப் போய்ச்சேரணும்னு."

நில அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அவர் போட்ட உத்தரவு இது: இனி ஊர்ப் பெண்கள் எல்லாரும் தினமும் மண்டியிட்டு ஜெபிக்க வேண்டும். ஆனால் வயலுக்குள் அல்ல, மாமன்னர் கண்ணில் படுகிற மாதிரி ரயில் மேட்டின் ஓரத்தில். கைகள் மார்புக்கு மேலே குவிந்திருக்க வேண்டும். அதோடு பொறுக்குவதும் நின்றது.

பிறகு காக்கைகள் வந்தன. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் சொல்லிவைத்தாற்போல் வந்து இறங்கின. தகரம் தட்டி விரட்டவா என்று பார்பென் கேட்டான். கூடாது, தகரச் சத்தம் சதிகாரர்களுக்குச் சைகையாக இருக்கலாம். கத்தலாமா? கத்துவதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வார்த்தை, ஜே போடும் 'உர்ரா'. அதுவும் ரயிலின் விசில் கேட்ட பிறகுதான். காக்கைகள் நிதானமாகத் தின்றன. ஊரிலேயே அந்த ஜூலை மாதத்தில் வயிறாரச் சாப்பிட்டவை அவைதான். மனிதர்களில் நில அதிகாரியும் அவர் வீட்டு விருந்தாளியும் சாப்பிட்டார்கள்.

அந்த விருந்தாளி பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த அரசாங்க ஆலோசகர் இப்போலித் கார்லொவிச். மக்களிடையே அதிருப்தி பரவுவதாக அமைச்சகத்துக்கு எங்கிருந்தோ தகவல் போயிருந்தது. அதன் காரணங்களைக் கண்டுபிடிக்க அவரை அனுப்பியிருந்தார்கள். மீன் பணியாரம் தின்றுவிட்டு ஒருநாள் மதியம் குடையோடு ரயில் மேட்டுக்கு வந்தார். குடியானவர்கள் திரும்பக் கூடாதே. அதனால் அவர் முதுகுகளை விசாரித்தார்.

"பயப்படாமச் சொல்லுப்பா. உனக்கு ஏதாவது அதிருப்தி உண்டா?" என்று எவ்சேயின் முதுகிடம் கேட்டார்.

"பேசு, ஆனா திரும்பாத" என்றார் பக்கத்திலிருந்த நில அதிகாரி.

"ரை கொட்டுது எசமான்" என்றான் எவ்சேய் வயலைப் பார்த்து.

ஆலோசகர் அலுத்துக்கொண்டார். "இவன் விவசாயத்தப் பத்திப் பேசுறான். விவசாயம் வேற அமைச்சகம். நான் கேக்குறது அதிருப்திய." குரலைக் குழைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்: "கலகம் பேசுற மாணவன் யாராவது வந்து உன்கிட்டப் பேசினானா? புத்தகம் ஏதாவது குடுத்தானா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது எசமான்."

"யாராவது படிச்சுக் காட்டினானா?"

"இல்ல எசமான். யாரும் பேசல. ரை கொட்டுது, அவ்வளவுதான்."

"பாத்தீங்களா?" என்றார் ஆலோசகர் நில அதிகாரியிடம். "எவ்வளவு ஆழமா வேர் விட்டிருக்கு! காரணத்தையே மறைக்கிறாங்க. ரை கொட்டுறதுதான் காரணம்னா என்னை எதுக்கு இவ்வளவு தூரம் அனுப்பணும்? அத எங்க வீட்டுச் சமையல்காரியே கண்டுபிடிச்சிருப்பாளே."

ஜூலை இருபதில் வரும் இலியா திருநாளும் கழிந்தது. ஓர் இரவு காற்று சுழற்றியடித்தது. காலையில் பார்த்தால், அதுவரை கனத்தில் தலை தொங்கியிருந்த கதிர்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நின்றன. உள்ளே ஒன்றுமில்லாததால் எடை போய்விட்டது. தள்ளுவண்டியில் வந்த நில அதிகாரி மெய்சிலிர்த்துப் போனார்.

"பாருங்கடா! ரைகூட அட்டென்ஷன்ல நிக்குது!"

மேட்டோரம் மண்டியிட்டிருந்த பெண்களில் ஒருத்தி விசும்பினாள். அதுவும் பக்தி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அன்று நடுப்பகலில் ரயில் வந்தது. கவர்னர் கம்பளம் விரித்த பந்தலில் நின்று, விசில் கேட்டதும் குனிந்தார். நில அதிகாரி அதைவிடத் தாழக் குனிந்தார். குடியானவர்கள் வயலைப் பார்த்து 'உர்ரா' என்று கத்தினார்கள். எவ்சேயின் முதுகில் ரயிலின் காற்று மோதியது. எதிரே கதிர்களில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி மணிகளும் அந்தக் காற்றில் சிதறி மண்ணில் விழுந்தன.

அவனுக்கு அழுகை வந்தது. கூடவே ஓர் எண்ணமும் வந்தது. போனது போகட்டும், ஜார் அப்பா பார்த்தாரா? ஒரு தரம் பார்த்து, 'நல்ல விளைச்சல்' என்று மனசுக்குள் நினைத்திருந்தால் போதும். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளலாம். அது மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தவன், நினைத்து முடிப்பதற்குள் திரும்பிவிட்டான்.

நீல நிறப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எல்லா ஜன்னலிலும் திரை இறக்கியிருந்தது. ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் திரை விலகி, சப்பை மூக்கோடு கொழுத்த நாய் ஒன்று கண்ணாடியில் முன்னங்கால்களை வைத்து நின்றுகொண்டிருந்தது. அது வயலைப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது. ரயில் போய்விட்டது.

ரயில் புகை அடங்குவதற்குள் எவ்சேயைப் பிடித்துக் கட்டிப்போட்டு, மறுநாள் நில அதிகாரியின் அறையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆலோசகர் சமோவார் என்கிற வெந்நீர்க் கொதிகலத்தின் பக்கத்தில் ஜாமைத் தொட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமன்னர் போற நேரத்துல திரும்பிப் பாத்திருக்கான்!" என்று நில அதிகாரி குதித்தார். "ஜில்லா வரலாற்றிலேயே இப்படி ஒரு துரோகம் நடந்ததில்ல. சைபீரியா! இன்னைக்கே சைபீரியா!"

"கொஞ்சம் பொறுங்க அர்க்காதி பொர்பீர்யெவிச்" என்றார் ஆலோசகர். "கவர்னர் அவசரப்பட்டு ஒரு தந்தி குடுத்திட்டாரு. மாமன்னர் வயலைப் பாத்துப் புன்னகை பூத்தார்னு. இப்ப அரண்மனையிலேர்ந்து பதில் தந்தி வந்திருக்கு. அதப் பாத்தது யாருன்னு கேக்குறாங்க."

"எல்லாரும் பாத்தோமே!"

"யாரு? நீங்க குனிஞ்சிருந்தீங்க. கவர்னரும் குனிஞ்சிருந்தாரு. மத்தவங்க அத்தனை பேரும் உங்க உத்தரவுப்படி முதுகக் காட்டி நின்னாங்க." ஆலோசகர் எவ்சேயைக் கரண்டியால் சுட்டினார். "இந்த ஜில்லாவுலயே கண்ணால பாத்தவன் இவன் ஒருத்தன்தான்."

நில அதிகாரியின் குரல் தேனாக மாறியது. "எவ்சேய், கண்ணு, என்னப்பா பாத்த?"

"நாய் எசமான்."

"என்ன?"

"ஜன்னல்ல ஒரு நாய் நின்னுது. வயலைப் பாத்துது. கொட்டாவி விட்டுது."

நில அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஆனா... மாமன்னர்?"

"மாமன்னர் அதுல இல்லீங்க" என்றார் ஆலோசகர். எவ்சேய் அங்கே நிற்பது அவருக்குப் பொருட்டாகவே படவில்லை. மேசை நாற்காலிகளை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினார். "அவர் ஜூன் மாசமே கடல் வழியாப் போயிட்டாரு. இது ஏமாத்து ரயில். சதிகாரங்களக் குழப்புறதுக்கு. உள்ள மேசை விரிப்பும் ஒரு சீமாட்டியோட நாயும்தான் போச்சு."

"நான் மூணு தடவ குனிஞ்சேனே!" என்று நில அதிகாரி அலறினார்.

"நாட்டுக்காகக் குனிஞ்சீங்க. ஆனா அவர் அதுல இல்லைங்கிறது வெளிய தெரியக் கூடாது. அதனாலதான் அவர் இருந்தார்னு சொல்ல ஒரு சாட்சி கட்டாயம் வேணும். இருந்திருந்தா சாட்சியே தேவையில்ல."

எவ்சேய் மாதங்களை எண்ணிப் பார்த்தான். ஜூன் மாதம் ரை பச்சையாக இருந்தது. ஜூலையில் அவன் தன் வயலைக் காவல் காத்து நின்ற நாளெல்லாம், யாருக்காக நின்றானோ அவர் ஏற்கெனவே போய்ச்சேர்ந்திருந்தார். அவன் குடிசை மூலையிலிருந்த படத்தை நினைத்தான். ஏனோ அதன் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆலோசகர் பக்கத்தில் வந்து அவன் தோளைத் தட்டினார். "இங்க பாரு. நீ பாத்தது மாமன்னர். வயலைப் பாத்தாரு, புன்னகை பூத்தாரு. இத நீ சாட்சி சொன்னா உனக்கு வெள்ளிப் பதக்கம் கெடைக்கும். கழுத்துல நாடாவோட தொங்கும். சொல்றியா?"

"சொன்னா ஊருக்கு ஏதாச்சும் நல்லது நடக்குமா எசமான்?"

"ஊருக்கே பெருமை!"

ஊருக்குப் பெருமை வந்தால் ஊர்க் களஞ்சியத்தின் பூட்டும் திறக்கும் என்று எவ்சேய் கணக்குப் போட்டான். நெருக்கடிக்கென்று வருஷா வருஷம் வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொட்டிய தானியம் அதில் இருந்தது. சாவி நில அதிகாரியிடம்; வசந்தகாலப் பட்டினிக்கும் அவர் திறக்கவில்லை. அதனால் தலையாட்டினான்.

உடனே ஒரு சிக்கல் வந்தது. திரும்பிப் பார்த்ததற்கு மிலாறடி கொடுத்தாக வேண்டும். பார்த்ததைச் சொன்னதற்குப் பதக்கம் கொடுத்தாக வேண்டும். ஆனால் பதக்கம் வாங்கிய குடியானவனை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு அதிகாரிகளும் நெடுநேரம் யோசித்து, நீதி கெடாதபடி ஒரு வழி கண்டார்கள். முதலில் அடி, பிறகு பதக்கம். அடிப்பதற்கு முன் சிவப்புத் துணி பாழாகிவிடக் கூடாதென்று சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இருபது அடியையும் எவ்சேய் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டான்.

மூன்று வருஷம் ஆகிற பதக்கம் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. கவர்னரே வந்து அவன் கழுத்தில் மாட்டி, "இந்த வயலை மாமன்னர் கண்ணால் கண்டார், இனி இங்கே குறை என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று பேசிவிட்டுப் போனார். ஊர் கை தட்டியது. அதற்குள் அறுவடையும் முடிந்திருந்தது. வெறும் வைக்கோல்தான் வீடு வந்து சேர்ந்தது.

கவர்னரின் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் பார்பெனும் எவ்சேயும் நில அதிகாரி முன்னால் போய் நின்றார்கள்.

"எசமான், விதைப்புக் காலம் வந்திடுச்சு. களஞ்சியத்தத் தொறக்கணும்" என்றான் பார்பென்.

"களஞ்சியம் பஞ்சத்துக்கு. இங்க ஏது பஞ்சம்?"

"விளைஞ்சது பூரா மண்ணுல கொட்டிடுச்சு எசமான்."

"கொட்டிடுச்சா? மாமன்னரே நெறைஞ்ச வயலப் பாத்துச் சிரிச்சிருக்காரு. அதுக்குச் சாட்சி யாரு?" நில அதிகாரி எவ்சேயின் பதக்கத்தை விரலால் சுண்டினார். "நீதான். உன் வாயாலயே சொல்லியாச்சு. இப்ப பஞ்சம்னு சொன்னா, ஒண்ணு நீ பொய்சாட்சி சொன்னவன். இல்ல மாமன்னருக்குக் கண்ணு தெரியலன்னு அர்த்தம். எதுன்னு நீயே சொல்லு."

எவ்சேய் வெளியே வந்தான். அவன் நாக்கே அவன் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது. ஊரார் களஞ்சியத்துக்கு முன்னால் காத்திருந்தார்கள். பார்பென் விஷயத்தைச் சொன்னதும், ஜன்னலில் நின்றது நாய்தான் என்று எவ்சேய் வாயாலேயே முன்பு கேட்டிருந்த எல்லாரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாய மாமன்னராக்கிப் பதக்கம் வாங்கினவனே!"

"கழுத்துல வெள்ளி தொங்குதில்ல, அதப் பொடிச்சு விதைடா!"

"அட, அடிங்களேன் அவன!"

"அடிக்க முடியாது" என்றாள் மலான்யா. அவள் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் தலை சாய்த்திருந்தது. "ஆமா, அவர யாரும் அடிக்க முடியாது. நீங்க பூட்டுல கைய வெச்சா பெஞ்சுல படுக்க வெச்சு உரிச்சிடுவாங்க. அவரு வெச்சா?"

இப்படி யாரும் யோசித்ததில்லை. அரசாங்கமே முத்திரை குத்தி, நாடா கட்டி, இந்த ஊருக்கு அடிக்க முடியாத ஒரு முதுகைச் செய்து கொடுத்திருந்தது.

"கோடாலி யார்கிட்ட இருக்கு?" என்றான் எவ்சேய்.

மூன்று அடியில் பூட்டு தெறித்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. பெண்கள் வரிசையில் நின்றார்கள். பார்பென் எல்லாருக்கும் ஒரே படியால் அளந்தான். அன்று சாயங்காலம் எல்லா வீட்டு அடுப்பிலும் உமி கலக்காத ரொட்டி வெந்தது. ஊர் முழுக்க வாசனை. மறுநாள் விடியும்போது வயலில் விதைப்பு ஆரம்பித்துவிட்டது. படைவீரர்கள் வந்து சேர்ந்தபோது தானியத்தில் பாதி வயிற்றிலும் பாதி மண்ணிலும் இருந்தது. இரண்டிலிருந்தும் திரும்ப எடுக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை.

நில அதிகாரி மிலாறைக் கையில் எடுத்தார், பதக்கத்தைப் பார்த்தார், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பதக்கத்தைப் பறிக்க வேண்டுமென்றால் கொடுத்த இடத்திலிருந்தே உத்தரவு வர வேண்டும். கொடுத்ததற்கான காரணம் பொய் என்றால்தான் அது வரும். பொய் என்றால் ரயிலில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியும் வரும். கடைசியில் சட்டத்தை நன்றாகப் புரட்டிப் பார்த்ததில் ஓர் ஆறுதல் கிடைத்தது. பதக்கம் வாங்கியவனை அடிக்கத்தான் கூடாது. சைபீரியாவுக்கு அனுப்பத் தடையில்லை. அதற்கு வழக்கும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்.

கை விலங்கோடு வண்டியில் ஏற்றும்போது ஆலோசகர் வந்தார். அவர் அறிக்கை இன்னும் முடியவில்லை.

"எவ்சேய், நான் உன்மேல அக்கறையோட கேக்குறேன். உனக்குப் பதக்கம் குடுத்தோம். கவர்னர் கையாலயே மாட்டினோம். அப்படியும் உனக்கு என்னதான் அதிருப்தி? காரணம் என்ன?"

எவ்சேய் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஜூலையில ரெண்டு நாள் அறுக்க விட்டிருந்தீங்கன்னா, எசமான், நான் சாகுற வரைக்கும் ராசாவக் கும்பிட்டுட்டுக் கெடந்திருப்பேன். அவ்வளவு சுளுவா முடிஞ்சிருக்கும் உங்க வேலை."

"இப்ப?"

"இப்ப அந்த ரெண்டு நாளை நீங்களாவே கொண்டுவந்து குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

மலான்யா அழவில்லை. கூடவே போக அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் விதைத்ததை அறுக்க ஆள் வேண்டுமே. வண்டி வளைவில் திரும்பும்வரை நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், மூலையிலிருந்த மன்னர் படத்தைச் சுவரிலிருந்து உரித்து அடுப்புக்குள் போட்டாள். நிக்கலாய் படத்தை மட்டும் துடைத்து வைத்தாள்.

ஆலோசகர் பனிக்காலம் முழுவதும் பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்து அறிக்கையை முடித்தார். கிரியாழியில் அதிருப்திக்குக் காரணம் குடியானவனுக்குப் பதக்கம் கொடுத்ததுதான் என்று அதில் ஐயமற நிறுவியிருந்தார். இனி குடியானவர்கள் யாருக்கும் பதக்கம் கொடுக்க வேண்டாம் என்ற அவருடைய யோசனை ஏற்கப்பட்டது. அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது.

அடுத்த ஜூலையில் ரை மறுபடி முற்றியது, இந்த முறை ரயில் பாதையின் மறுபக்கத்து வயலில். இந்தத் தடவை கவர்னரின் மனைவி ரயிலில் வருகிறாளாம். உத்தரவு அதேதான். பார்பென் மார்பில் வில்லை ஆட ஆட ஓடிவந்தான். ஊரே அரிவாளோடு வயலில் நின்றது.

"ரயில் போற வரைக்கும் அறுக்கக் கூடாதாம்" என்றான்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது ரயில் என்றுகூடக் கேட்கவில்லை. மலான்யா சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து முதல் பிடியை அறுத்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் குனிந்தார்கள். பார்பென் வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல ஓடியே பழகியவன். கடைசியில் வில்லையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தன் பங்குக்குப் போய் அவனும் அறுக்கத் தொடங்கினான்.

நில அதிகாரி தள்ளுவண்டியிலிருந்து குதித்து வயலுக்குள் ஓடிவந்தார். தொப்பி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. மலான்யாவிடம் கத்தினார், அவள் கதிரைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆளிடம் கத்தினார். பிறகு பார்பெனின் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, கிட்டத்தட்ட கெஞ்சுகிற குரலில் கேட்டார்:

"பார்பென், நீயுமா? உங்களுக்கெல்லாம் என்னதான்டா வேணும்?"

பார்பென் அரிவாளை நிறுத்தவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க எசமான்" என்றான். "கதிர மிதிக்கிறீங்க."